மொட்டைமாடி வள்ளலுக்கு ஒரு பாடாண்

ஐயா, பெங்களூரு ஆஸ்டின் டவுனில் கொடையாளிகளுக்குக் குறைவில்லை. திருவிழா என்றால் தெருவுக்குத் தெரு அன்னதானம், கோடை வந்தால் மோர்ப்பந்தல், நந்தன் மைதானத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் ஜெர்சி வாங்கித் தரும் மனிதர்கள். அவர்கள் எல்லோரும் நாள் பார்த்துக் கொடுப்பவர்கள். நீங்கள் தினமும் கொடுப்பவர். பால் பாக்கெட் வருவதற்கு முன்பே உங்கள் மாடிக்கதவின் தாழ்ப்பாள் திறந்துவிடும். காய்ச்சலில் படுத்தாலும் பேரனை அனுப்பித் தானியத்தை இறைத்துவிடுவீர்கள். ஊருக்குப் போனால் வாட்ச்மேனிடம் மூட்டையையும் காசையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள். இந்த ஒழுங்கு எல்லோருக்கும் வாய்க்காது. உங்கள் கருணையில் வேஷம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே உங்களைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்தேன். புகழ வேண்டியதில் ஒன்றையும் விடப்போவதில்லை.

முதலில் உங்கள் தாராளம். கம்பு, சோளம், அரிசி நொய் என்று மூட்டையாகவே வாங்குகிறீர்கள். வீட்டில் மீந்த சித்ரான்னமும் பண்டிகை முடிந்து சவுத்துப்போன மிக்சரும்கூட மாடிக்கு வந்துவிடும். கைப்பிடிச் சுவர் மேல், தண்ணீர்த்தொட்டி மூடி மேல், தரையில் என்று கை போன இடமெல்லாம் தானியம். ஒரு வேளை போட்டது தீருமுன் அடுத்த வேளை வந்து அதன் மேல் விழும். அடியில் கிடப்பது எந்த நாளில் போட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் தட்டு காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. காலியாகாத தட்டைக் கழுவ வேளை ஏது?

அந்தக் கொடையைப் பெறுபவர்களுக்கு வருகிறேன். மாடப்புறாவுக்கு இந்தப் பேட்டையில் உங்களைவிட உதவியவர் ஒருவரும் இல்லை. இதைப் பறவையியல் தெரிந்த எவரும் ஒத்துக்கொள்வார்கள். ஏனென்றால் புறாவின் உடம்பு உங்கள் மூட்டைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். தானியம் தின்னும் பெரும்பாலான பறவைகளும் குஞ்சுக்குப் புழுவோ பூச்சியோ தேடித்தான் ஊட்ட வேண்டும். புறாவுக்கு அந்த அலைச்சல் கிடையாது. தாயும் தகப்பனும் தாங்கள் தின்ற தானியத்தை வைத்தே தொண்டைப்பையில் பால்போல ஒரு கொழகொழப்பைச் சுரந்து குஞ்சுக்குப் புகட்டிவிடும். தானியம் இருந்தால் குஞ்சும் உண்டு. இரண்டு முட்டை, பதினெட்டு நாள் அடை, ஒரு மாதத்தில் குஞ்சு பறந்துவிடும். சில சமயம் அது பறப்பதற்கு முன்பே அடுத்த முட்டை வந்துவிடும். பெங்களூருக் குளிர் புறாவைத் தடுக்கிற குளிரும் இல்லை. ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம். முட்டையிட ஏ.சி. பெட்டியின் பின்புறம், ஜன்னல் மேடை, லிஃப்ட் அறை என்று இடத்தையும் இந்த ஊர் கட்டிக்கொடுத்திருக்கிறது. இடம் மற்றவர்களுடையது, சோறு உங்களுடையது.

சிட்டுக்குருவிக்கு உங்கள் கொடையில் எவ்வளவு பங்கு என்று யோசித்தேன். 1920களில் கன்டோன்மென்ட் காலத்தில் உருவான பேட்டை இது. பதிவேட்டில் கிட்டல் நகர் என்று மாற்றி எழுதியும் நம் வாயில் ஆஸ்டின் டவுன்தான். பழைய வீடுகளின் ஓட்டு இடுக்கிலும் விட்டத்தின் மேலும் குருவி கூடு கட்டியது. வாசலில் முறத்தில் புடைத்த அரிசியின் நொய்யைப் பொறுக்கியது. குஞ்சுக்கான புழுவை முருங்கையிலும் அவரைக்கொடியிலும் பிடித்தது. நொய்யை நீங்கள் இன்று மூட்டையாகவே போடுகிறீர்கள். ஆனால் குருவிக்குஞ்சு முதல் சில நாட்களில் நொய் தின்னாது. அதற்குப் பச்சைப்புழு வேண்டும், அசுவினி வேண்டும். முருங்கை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. உங்கள் மாடியில் ஒரு துளசித்தொட்டிகூட இல்லை. புறா உட்கார்ந்து ஒடித்துவிடும் என்று நீங்களே எடுத்துவிட்டீர்கள். 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாகத்தான் இருக்கிறது என்றது. குறைந்துவரும் இடங்களாக அது சொன்னவை பெருநகரங்கள். பெங்களூரும் சென்னையும் அவற்றில் உண்டு. 2023இல் வந்த அடுத்த அறிக்கையில் பெருகிவரும் இனங்களுக்குள் மாடப்புறா இருக்கிறது. அந்த வளர்ச்சியில் உங்கள் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. அதை யாரும் மறைக்க முடியாது.

பிறகு சில்லை. நம் பக்கத்தில் தினைக்குருவி என்று சொல்வோமே, அது. வயிற்றில் செதில் செதிலாகக் கோடு போட்ட புள்ளிச் சில்லையும், வெளிர்நிற வெண்தொண்டைச் சில்லையும் நீலசந்திரா பக்கமும் விவேக்நகர் பக்கமும் காலி சைட் இருந்தால் போதும், வந்துவிடும். மழைக்குப் பின் புல் கதிர் விட்டதும் கூட்டமாக இறங்கித் தண்டைப் பற்றித் தொங்கிக்கொண்டு விதையை உருவித் தின்னும். விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான உடம்பு. புல்லாலேயே உருண்டையாக ஒரு கூடு. நான் மிகவும் நேசிக்கும் பறவை இதுதான். காலி சைட்டில் பில்லர் எழும்பியதும் புல் போயிற்று. சில்லைகள் உங்கள் மாடிக்கு வரத் தொடங்கின. புறாக்கள் தின்று எழுந்த பிறகு, அவை மிதித்துப் போன நொய்யை, அவை வாய் வைத்த தண்ணீரோடு சேர்த்து உண்கின்றன. நீங்கள் அவற்றை விரட்டியதே இல்லை. அதுவும் உங்கள் பெருமைதான்.

சங்க காலத்தில் பேகன் என்று ஒரு வள்ளல். மழைக்குளிரில் மயில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்துப் போர்த்தியவன். இன்றுவரை அவனைப் புகழ்கிறோம். அதே பேகனிடம் கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் போய் நின்று கேட்ட பரிசில் பொன்னும் இல்லை, யானையும் இல்லை. நீ கைவிட்ட உன் மனைவி கண்ணகி அழுகிறாள், அவளிடம் திரும்பிப் போ என்பதுதான் அவர்கள் கேட்டது. மயிலுக்கு இரங்கிய நெஞ்சு வீட்டில் அழுகிறவளுக்கு ஏன் இரங்கவில்லை என்று ஒரு வள்ளலின் முகத்துக்கு நேரே கேட்ட புலவர்கள் அவர்கள். அந்தத் தைரியத்தில்தான் நானும் மேலே எழுதுகிறேன்.

புறாவின் தொண்டையில் டிரைக்கோமோனாஸ் காலினே என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி வாழ்கிறது. உலகெங்கும் புறா இனத்தோடு பழகிப்போன ஒன்று. பல புறாக்களுக்கு அது எந்தத் தொல்லையும் தருவதில்லை. தாய் புகட்டும் பாலோடு குஞ்சுக்கும் போய்விடும். புறாவைப் பிடித்துத் தின்னும் வைரிக்கும் ஆந்தைக்கும் தொற்றும். வல்லூறு வளர்த்து வேட்டையாடியவர்கள் நூற்றாண்டுகளாக இந்த நோயை அறிந்திருந்தார்கள். சிறு பறவையின் தொண்டையில் அது இறங்கினால் உள்ளே புண் வந்து சதை தடித்து வழி அடைபடும். பறவை சிறகைப் புடைத்துக்கொண்டு உட்காரும். அலகு ஈரமாக இருக்கும். எச்சில் வழியும். தானியத்தை எடுக்கும், விழுங்க முடியாமல் கக்கும். கக்கிய தானியத்தை அடுத்த பறவை எடுக்கும். பட்டினியில் சாகும்போதும் அது தட்டின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கும், ஐயா. உணவு கண்ணெதிரே இருக்கும்.

இதைப் பிரிட்டன் கண்ணால் பார்த்தது. அங்கே ஏராளமான வீடுகளில் தோட்டத்தில் பறவைக்குத் தீனி வைக்கிறார்கள். உங்களைப் போலவே அன்பானவர்கள். 2005இல் கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சை நிறச் சிறு குருவிகளிடம் இந்த நோய் தென்பட்டது. 2006இல் கொள்ளைநோயானது. புறா இனத்திலிருந்து தாவி, தீனித்தட்டிலும் தண்ணீர்த்தொட்டியிலும் பரவியது. சுமார் 43 லட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச் சில ஆண்டுகளிலேயே 28 லட்சமாக இறங்கியது. 2021இல் அது அந்நாட்டின் ஆபத்துப் பட்டியலில் சிவப்பு நிறத்துக்குப் போய்விட்டது. எங்கே பார்த்தாலும் இருந்த பறவை. 2025 ஜனவரியில் அங்குள்ள பெரிய பறவைக் காப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி. தன் கடைகளில் தட்டையான தீனிப்பலகைகளை விற்பதை நிறுத்தியது. தட்டையான பலகையில் உணவும் எச்சிலும் எச்சமும் ஒன்றாகக் கலக்கின்றன என்பதுதான் காரணம். உங்கள் மாடியில் சிமென்ட் தளம் முழுவதும் அப்படி ஒரு பலகை. அளவில் அவர்களை எல்லாம் நீங்கள் மிஞ்சிவிட்டீர்கள்.

அமெரிக்காவில் கதை வேறு கிருமியோடு நடந்தது. ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற குருவி மேற்குப் பகுதிக்குரியது. கூண்டுப் பறவை வியாபாரத்தில் கிழக்கே கொண்டுபோனவற்றை 1940 வாக்கில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து அது கிழக்கு மாநிலங்கள் எங்கும் பெருகியது. 1994 தொடக்கத்தில் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் வீட்டுத் தீனிக்கு வந்த குருவிகளின் கண்கள் வீங்கி, பொருக்குத் தட்டி மூடிக்கிடப்பதை மக்கள் பார்த்தார்கள். கோழிப்பண்ணைகளில் மூச்சுநோய் தரும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாதான் காட்டுக்குருவிக்குத் தாவியிருந்தது. சில ஆண்டுகளில் கிழக்கில் இந்தக் குருவி பல இடங்களில் பாதிக்கு மேல் குறைந்தது. கார்னெல் பறவை ஆய்வகம் தீனி வைக்கும் சாதாரண மக்களையே நோய்க் கண்காணிப்பாளர்களாக்கிக் கணக்கெடுத்தது. பிறகு வந்த ஆய்வுகளில், தீனிக்குழாயில் அதிக நேரம் செலவிடும் குருவிகளே அதிகம் தொற்று வாங்கின, அதிகம் கொடுத்தன என்று தெரிந்தது. தீனி இடங்கள் நெருங்கி அமைந்தால் நோயும் நெருங்கிப் பரவியது. கண் மூடிய குருவிக்குக் காட்டில் இரை தேட வழியில்லை. அதனால் அது தீனியை விட்டு நகர்வதில்லை. நகராததால் அடுத்த குருவிக்கும் கொடுக்கிறது. இந்த வரியை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பறவைகளின் பழக்கத்தையும் நீங்கள் மாற்றிவிட்டீர்கள். சாதாரண மனிதனால் ஆகிற காரியமா அது! பிரிட்டனில் கிரேட் டிட் குருவிகளின் அலகு சில பத்தாண்டுகளில் நீண்டிருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தோட்டத்துத் தீனி ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஜெர்மனிப் பக்கத்து பிளாக்கேப் குருவிகளில் ஒரு பகுதி குளிர்காலத்துக்கு ஸ்பெயினை நோக்கிப் போவதை விட்டுப் பிரிட்டனுக்கே போகின்றன. தலைமுறைகளாக வந்த வழியையே திருப்பியதில் தோட்டத்துத் தீனிக்கும் பங்கு உண்டு. நம் மாடியிலும் பாருங்கள். புறாக்கள் காலையில் இரை தேடிப் பறப்பதையே விட்டுவிட்டன. உங்கள் தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் கம்பியில் வரிசையாகக் காத்திருக்கின்றன. மைனா புழு கிளறுவதை விட்டுச் சித்ரான்னத்துக்கு வருகிறது. இரவில் எலி வருகிறது. எலியைத் தேடிப் பூனை வருகிறது. விடியலில் அந்தப் பூனை சில்லைக்காகவும் காத்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே முகவரி.

மழைக்காலத்தில் உங்கள் உறுதியை இன்னும் மெச்சுகிறேன். செப்டம்பர், அக்டோபரில் பெங்களூரில் மாலைதோறும் மழை ஊற்றும். தளத்தில் கிடக்கும் நொய் ஊறி, புளித்து, கறுத்துவிடும். அதன் மேலேயே மறுநாள் புதிதாகப் போடுகிறீர்கள். நான் சொன்ன ஒட்டுண்ணி உலர்ந்த இடத்தில் நிலைக்காது. ஈரத்தில்தான் உயிர் தாங்கும். அந்த ஈரத்தை உங்கள் மாடி அதற்குத் தருகிறது. பூஞ்சையும் அப்படித்தான். ஈரத்தானியத்தில் படரும் ஆஸ்பர்ஜில்லஸ், அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று செத்தபோதுதான் உலகம் இந்த நஞ்சையே கண்டுபிடித்தது. வான்கோழி பல கிலோ எடை உள்ள பறவை. சில்லையின் எடை பதினைந்து கிராம் அளவுதான்.

மனிதர்களையும் நீங்கள் மறக்கவில்லை. காய்ந்த எச்சமும் இறகுத்தூளும் காற்றில் ஏறிக் கீழ்வீட்டு ஜன்னல்களுக்குள் வருகின்றன. 2017இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, 27 மருத்துவ மையங்களில் நுரையீரல் திசு நோயோடு வந்த 1,084 பேரைப் பார்த்தது. அவர்களில் 47 விழுக்காட்டினருக்கு ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனிட்டிஸ். வெளியிலிருந்து வரும் தூசுக்கு நுரையீரல் ஒவ்வாமை கொண்டு இறுகிப்போகும் நோய் அது. ஏர் கூலர்தான் அங்கே முதல் காரணம், பறவைத் தொடர்பும் காரணங்களில் உண்டு. புறா ஒன்றே குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நம் கட்டடத்தில் ஏர் கூலர் அபூர்வம்.

இவ்வளவு தீனியால் புறாவுக்காவது நன்மையா என்று ஒருநாள் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1961 முதல் 1985 வரை சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். எண்ணிக்கை இறங்கவே இல்லை. தீனி இருந்தவரை செத்ததன் இடத்தைக் குஞ்சு நிரப்பியது. 1988இல் டேனியல் ஹாக்-வாக்கர்நாகல் என்ற உயிரியலாளர் வேறு வழியைப் பிடித்தார். நெரிசலால் கூடுகளில் குஞ்சுகள் நோயிலும் ஒட்டுண்ணியிலும் எப்படிச் சாகின்றன என்பதை மக்களுக்குப் படம் போட்டுக் காட்டினார். தீனி போடுவது புறாவுக்கே கொடுமை என்று புரியவைத்தார். மக்கள் தாமாகக் கையை நிறுத்தினார்கள். ஏறக்குறைய நான்கே ஆண்டில் கூட்டங்கள் பாதியாயின. துப்பாக்கியால் ஆகாதது, அன்பு உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டதால் ஆனது. அப்படிப்பட்ட அன்பு உங்களிடம் இருக்கிறது என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். மும்பையில் தீனியை நிறுத்தும் வேலை சட்டத்தின் கைக்குப் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியதும், எதிர்த்தவர்கள் அதைக் கிழித்ததும், நீதிமன்றம் வரை போனதும் எல்லோரும் அறிந்தது. நம் தெருவில் அது வேண்டாம்.

பறவைக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மூட்டைக்குச் செலவிடும் காசில் நாலு பெரிய தொட்டி வாங்குங்கள். ஒன்றில் தினையும் மற்றொன்றில் கம்பும் விதைத்துக் கதிர் முற்றும்வரை விடுங்கள். தண்டில் தொங்கித் தின்னச் சில்லைக்குத் தெரியும். கொழுத்த புறாவுக்கு அது கைவராது. ஒரு தொட்டியில் அவரைக்கொடி ஏற்றுங்கள், மருந்தடிக்காதீர்கள். குருவிக்குப் புழு அங்கிருந்து கிடைக்கும். தண்ணீர் ஒரு சிறு சட்டியில் போதும். அதைத் தினமும் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து ஊற்றுங்கள். சிறகைப் புடைத்துக்கொண்டு, அலகு நனைந்து, மனிதன் அருகில் போனாலும் பறக்காத பறவையைக் கண்டால் எல்லாத் தீனியையும் தண்ணீரையும் சில வாரங்களுக்கு எடுத்துவிடுங்கள். கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் வனவிலங்கு மருத்துவமனை இருக்கிறது. அட்டைப்பெட்டியில் துளை போட்டு அங்கே சேர்க்கலாம். உங்களிடம் உள்ள ஒழுங்கு இதற்குப் போதும். விடியலில் எழும் பழக்கம் இருக்கிறது, பேரன் இருக்கிறான், வாட்ச்மேன் இருக்கிறார்.

இன்னும் ஒரு புகழ் பாக்கி. நம் கட்டடத்தின் எல்லா பால்கனிகளுக்கும் புறா வலை அடிக்க விலை கேட்டிருக்கிறார்கள். செலவில் பெரும் பங்கைத் தாமே ஏற்பதாகக் கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கியவர் நீங்கள். மேலே சோறும் நீங்களே, கீழே வலையும் நீங்களே. அந்த வலை புறாவைத் தடுக்கும். மூன்றாம் மாடியில் மீட்டர் பெட்டிக்கு மேலே கூடு வைத்திருக்கும் கடைசி ஒரு ஜோடிச் சிட்டுக்குருவியையும் தடுக்கும். விளிம்பு தளர்ந்தால் சில்லை அதில் கழுத்து மாட்டித் தொங்கும். வலைக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மாடியைக் கழுவிவிடுங்கள், ஐயா. துடைப்பத்தோடு நானும் வருகிறேன்.